பேனா மூடி

சனிக்கிழமைத் தோல்வி
துவைக்காத ஜெர்சிகளில் இன்னும் நாறிக்கொண்டிருக்க
திங்கள் மாலை கேன்டீன் மூலையில்
கேரம் பலகையை இழுத்துப் போடுகிறார் பாஸ்கல் சார்.
கறுப்பு அவர்கள், வெள்ளை நாங்கள்.
பெட்டியில் ஒன்பது ஒன்பதுதான் இருக்கிறது.
எங்கள் விங் பேக் இருவருக்கும் புளிப்பு மிட்டாய்,
அவர்களுக்குச் சட்டைப் பொத்தான்.

முழங்கால் ஜவ்வு கிழிந்த நாளிலிருந்து
எனக்கு நோட்டுப் புத்தகம்.
ஆடத் தெரிந்தவள் ஆடாமல் பார்ப்பது
பசியோடு பந்தி பரிமாறுவது.
அதுவும் பழகிவிட்டது.

கீறல் விழுந்த போனில்
அவர்கள் போன வாரம் ஆடியதை ஏழு முறை ஓட்டினேன்.
பதினேழாம் நம்பர்: இடது ஓரம், வலது கால்.
உள்ளே வெட்டித் திரும்புமுன்
ஒரே ஒரு தடவை தன் காலுறையைப் பார்க்கிறாள்.
எழுதிக்கொண்டேன்: காலுறை.

"அப்ப அவளுக்கு ரெண்டு பேரு"
சார் ஒரு மிட்டாயை நகர்த்துகிறார்.
நகர்ந்த இடத்தில் பலகை பல்லிளிக்கிறது.
எங்கள் வீட்டுத் தகரக் கூரையும் இப்படித்தான்:
ஒரு ஒழுகலை அடைத்தால்
தண்ணீர் அடுத்த ஆணிக்கு நடந்து போகும்.

செவ்வாய் முழுக்க
லால்ரெம்பூயி பதினேழாக நடித்தாள்,
காலுறையைப் பார்ப்பது உட்பட.
சிரித்துச் சிரித்து இரண்டு பேர் விழுந்தார்கள்.
மூன்றாம் தடவை சிரிப்பில்லை. பந்து வலையில் கிடந்தது.

புதன், கார்னர்.
கிட்டத்துக் கம்பத்துக்கு 'வாசல்',
தூரத்துக் கம்பத்துக்கு 'கொல்லை'.
தமிழில் கத்தினால் யாருக்குப் புரியும் என்று
யோசனை சொன்னவள் நான்.
ஷூ லேஸிலிருந்து நிமிர்ந்தாள் தொய்பி,
தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டிக் கேட்டாள்:
"அந்த சென்டர் பேக், உங்க தெரு இல்லே?"

கௌதமபுரத்தில் யாருக்கு யார் எதிரி?
ஆக்னஸ் வீட்டுக் குக்கர் மூன்றாம் விசில் அடித்தால்
எங்கள் வீட்டில் அடுப்பை அணைப்பார்கள்.

குறிச்சொற்கள் மிசோவுக்கு மாறின.
கொல்லைக்கு லால்ரெம்பூயி சொன்ன வார்த்தையை
வியாழன் முழுக்க நாக்கில் உருட்டிக்கொண்டே
ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் இன்டர்னல் எழுதினாள் சஹனா.

வெள்ளி இரவு மழை.
செம்மண் மைதானம் குழம்பாய்க் கிடந்தது.
தரைப் பாஸ் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.
சார் ஒரே கோடாய் அடித்தார்:
"தூக்கி அடிங்க. நாளைக்கு அவ்வளவுதான்."

சனி.
பன்னிரண்டாம் நிமிடம்தான் கவனித்தோம்,
பதினேழு பெஞ்சில் இருக்கிறாள்
ரெயின்கோட் போர்த்தி, வேர்க்கடலை கொறித்தபடி.
அவள் ஓரத்தில் நாற்பத்தொன்று,
என் நோட்டில் பெயரில்லாதவள்,
காலுறையைப் பற்றிக் கவலையில்லாமல் ஓடுகிறாள்.
ஐந்து நாளாக வீடு கட்டினோம்,
வேறொரு தெருவில்.

இடைவேளை. ஆரஞ்சுத் தோல். சார் பேசவில்லை.
பலகை இல்லாததால் சேற்றில் கட்டைவிரலால்
நான் வரைந்தேன்:
இவளுக்கு வேகம் உண்டு, திரும்பத் தெரியாது.
ஒருத்தி போதும்.
தொய்பி மேலே ஏறட்டும்.

அறுபத்தெட்டில் கார்னர்.
சஹனா அந்த மிசோ வார்த்தையைக்
கன்னட நாக்கால் கடித்துத் துப்பினாள்.
லால்ரெம்பூயிக்கே புரியவில்லை,
ஆனாலும் தலை சரியான இடத்தில் இருந்தது.
ஒன்று.

எண்பதில் தொய்பிக்குத் தசை பிடித்தது.
பேனாவை மூடிவிட்டு சாரிடம் போனேன்.
மாற்று ஆள் இடம் பிடிப்பதற்குள்
அந்தச் சந்தில் புகுந்து வந்தது பந்து.
ஒன்றுக்கு ஒன்று.

ஞாயிறு, கறிக்கடை வரிசையில்
எனக்கு முன்னால் ஆக்னஸ்.
"எங்க நோட்டுல உனக்கு ஒரு வரி இருக்கு, தெரியுமா?"
ஆடாதவளுக்கா?
"பெஞ்சுல எழுதுறவ பேனாவ மூடினா
ரெண்டு நிமிஷத்துல ஆள் மாறும்."
எலும்போடு அரைக் கிலோ கட்டி வாங்கிக்கொண்டு
போய்விட்டாள்.

திங்கள்.
பெட்டியில் எங்கள் இடது விங் பேக்கை
எறும்பு அரித்திருக்கிறது.
இந்த வாரம் வேறு காலேஜ்,
அதிலும் மூன்று பேர் எங்கள் தெரு.
பையில் இரண்டு பேனா வைத்திருக்கிறேன்.
ஒன்று எழுதுவதற்கு.
மற்றது,
எதுவும் மாறப்போகாத நிமிடமாய்ப் பார்த்து
எல்லோருக்கும் தெரிய மூடுவதற்கு.